சுவரில் கொடிவழி, தரையில் குடித்தனம்: தில்லியின் ஸ்காட்லாந்து வீடுகளை எழுதுவது பற்றி

லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் தில்லி ஓவியர் ஒருவர் 1820ஐ ஒட்டித் தீட்டிய படம் ஒன்று இருக்கிறது. இந்துஸ்தானி உடையில் ஒரு வெள்ளைக்காரர் கம்பளத்தில் திண்டில் சாய்ந்து ஹூக்கா குடித்துக்கொண்டிருக்கிறார். எதிரே ஆடும் பெண்கள், வாத்தியக்காரர்கள். மேலே சுவரில் ஐரோப்பிய உடையணிந்த ஆண் பெண்களின் சட்டமிட்ட உருவப்படங்கள். சாய்ந்திருப்பவர் முகலாயத் தலைநகரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடென்டாக இருந்த சர் டேவிட் ஆக்டர்லோனி. அவர் பெயர் நாக்கில் புரளாத தில்லிக்காரர்கள் 'லூனி அக்தர்' என்று அதை மாற்றிக்கொண்டார்கள்.

இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஹூக்காவைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். என் கண் சுவருக்கும் தரைக்கும் இடையிலுள்ள தூரத்தில் நிற்கிறது. சுவரில் இருப்பது கொடிவழி: தகப்பன், பாட்டன், குடும்பப் பெயர், பட்டம். தரையில் இருப்பது குடித்தனம்: பெண்கள், பிள்ளைகள், பணியாட்கள், அந்த வீட்டில் அன்றாடம் புழங்கிய மொழி. ஸ்காட்லாந்துக் குடியேறிகளின் குடும்ப வரலாறுகள் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் ஏராளமாக எழுதப்பட்டிருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே சுவரைப் பார்த்து எழுதப்பட்டவை. தில்லிக்கு வந்த ஸ்காட்லாந்து வீடுகளை அந்த முறையில் எழுத முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். எழுதினால் வீட்டின் பாதிப்பேர் காணாமல் போவார்கள். அந்தப் பாதிப்பேரோ கல்லிலும் படத்திலும் நீதிமன்றக் காகிதத்திலும் தங்களைப் பதித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

ஆக்டர்லோனியின் கதை தில்லியில் தொடங்கவில்லை. அமெரிக்காவில், பாஸ்டன் துறைமுகத்தில் தொடங்குகிறது. தகப்பனார் பெயரும் டேவிட்தான். ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் பகுதியிலிருந்து போய்ப் பாஸ்டனில் குடியேறிய கப்பல் தலைவர். அங்கேயே கேத்தரின் டைலரை மணந்தார். 1758 பிப்ரவரியில் மகன் பிறந்தான். அமெரிக்காவுக்குப் போன ஸ்காட்லாந்து வீடு என்று வைத்துப் பார்த்தால் இதில் புதுமை ஒன்றும் இல்லை: கடல், வணிகம், உள்ளூர்க் கலியாணம், அகால மரணம். 1765இல் தகப்பனார் இறந்தார். விதவையும் பிள்ளைகளும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள்.

இடையில் ஒன்று. இந்தக் குடும்பப் பெயர் தமிழருக்கு அந்நியமானதல்ல. கூடலூர்ப் பக்கத்தில் 'ஓவேலி' என்று நாம் சொல்கிறோமே, அது 'ஊக்டர்லோனி பள்ளத்தாக்கு' என்பதன் தேய்ந்த வடிவம். 1840களில் அங்கே காப்பித் தோட்டம் போட்ட ஜேம்ஸ் ஊக்டர்லோனியின் பெயர் அது. அவருடைய சகோதரர்தான் நீலகிரியை அளந்து 1847இல் அறிக்கை எழுதியவர். ஒரே பெயரை வைத்துக்கொண்டு உறவு கற்பிக்க நான் வரவில்லை. ஆங்கஸின் ஓர் இடப்பெயர் பாஸ்டனிலும் தில்லியிலும் கூடலூரிலும் ஒட்டிக்கொண்டது. ஒவ்வோர் இடத்திலும் அந்தந்த ஊர் வாய் அதைத் தன் வசதிக்குக் கடித்துக்கொண்டது. கொடிவழி ஆய்வாளர் இதை எழுத்துப்பிழை என்று தள்ளிவிடுவார். குடித்தனத்தைத் தேடுபவருக்கோ இங்கேதான் முதல் தடயம்.

லண்டனில் கேத்தரின் மறுமணம் செய்துகொண்டவர் ஐசக் ஹேர்ட். இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹேர்டின் தொழிலே கொடிவழி எழுதுவதுதான். குலச்சின்னங்களையும் வம்சங்களையும் பதிவு செய்யும் அரச கழகத்தில் பணிபுரிந்தவர். 1784இல் அதன் தலைமைப் பதவியான 'கார்ட்டர்' நிலைக்கு உயர்ந்து, 1822இல் சாகும்வரை அதில் இருந்தார். யார் பிரபு, யார் பட்டத்துக்கு வாரிசு, எந்தக் கேடயத்தில் எந்தச் சிங்கம் என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலி அது. 1791இல் அவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கே கடிதம் எழுதி, அவருடைய முன்னோர் பற்றிய விவரம் கேட்டார். இந்த விஷயத்தில் தாம் அதிகம் கவனம் செலுத்தியதில்லை என்ற தோரணையில், தெரிந்த அளவுக்கு வாஷிங்டன் பதில் அனுப்பினார். மன்னராட்சியை உதறிவிட்டு வந்த நாட்டின் தலைவருக்கு மன்னரின் வம்சாவளி எழுத்தர் கொடிவழி போட்டுக்கொடுத்தது சுவையான முரண். ஆனால் எனக்கு வேண்டிய முரண் ஹேர்டின் சொந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வாஷிங்டனின் பாட்டன் பூட்டனைத் தேடிக் கண்டவருடைய வளர்ப்பு மகன், எந்தக் கொடிவழிப் பட்டியலிலும் அடங்காத ஒரு வீட்டைத் தில்லியில் கட்டிக்கொண்டிருந்தார்.

வளர்ப்பு மகன் 1777இல் கம்பெனிப் படையில் கேடட்டாகச் சேர்ந்தார். 1803இல் தில்லி கம்பெனியின் கைக்கு வந்ததும் அங்கே ரெசிடென்ட் ஆனார். அடுத்த ஆண்டு மராத்தியத் தலைவர் ஹோல்கரின் முற்றுகையிலிருந்து நகரைக் காத்தார். கூர்க்காப் போரின் வெற்றிக்காக 1816இல் 'பரோனெட்' என்ற பரம்பரைப் பட்டம் கிடைத்தது. 1818இல் மறுபடி தில்லிப் பதவி. போர்களை இத்துடன் விட்டுவிடுகிறேன். அவற்றை எழுதியவர்கள் நிறைய. ரெசிடென்சி கட்டிடம் இன்றும் காஷ்மீரி கேட் அருகே அம்பேத்கர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நிற்கிறது. முன்பக்கம் கிரேக்க பாணித் தூண்கள். பின்னால் தாரா ஷுகோவின் நூலக மண்டபத்து முகலாய வளைவுகள். மேற்சட்டை மட்டும் ஐரோப்பாவில் தைத்தது போலிருக்கும்.

அந்த வீட்டின் சிக்கலைப் புரிந்துகொள்ள 1791ஐப் பார்க்க வேண்டும். தாய் தகப்பனில் ஒருவர் இந்தியராக இருந்தால் கம்பெனியின் சிவில், ராணுவ, கப்பல் பணிகளில் அவருக்கு இடமில்லை என்று அந்த ஆண்டு விதி வந்தது. அதுவரை வீட்டுக்குள் இருந்த ஒரு வேறுபாடு அன்றுமுதல் அலுவலக வாசலில் எழுதி ஒட்டப்பட்டது. ஆக்டர்லோனி, அதே நிலையிலிருந்த ஹியூ சதர்லாந்து என்ற ஸ்காட்லாந்துக்காரருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், தம் மகள்களை என்ன செய்வது என்று உழன்றிருக்கிறார். கிறிஸ்தவர்களாக வளர்த்தால், எவ்வளவு வெளுப்பாக இருந்தாலும், ஐரோப்பியச் சமூகம் அவர்களின் தாயைச் சொல்லியே ஒதுக்கும். முஸ்லிம்களாக வளர்த்தால் நல்ல இடத்தில் கலியாணம் நடக்கும். ஆனால் அந்தப்புர வாழ்க்கை. கூர்க்காக்களை மடக்கிய தளபதிக்கு இரண்டு சிறுமிகளின் எதிர்காலத்தில் கால் இடறுகிறது. பெண்ணைப் பெற்ற எந்த வீட்டிலும் நடக்கும் பேச்சுத்தான் இது; பேசுபவர் ரெசிடென்ட் என்பதால் கடிதமாக மிஞ்சியது.

மகன் பக்கத்தில் கதை வேறுமாதிரி. ரோடரிக் பெரிகிரின் ஆக்டர்லோனி திருமண பந்தத்துக்கு வெளியே பிறந்தவர்; தகப்பனாருக்கு முன்பே இறந்துவிட்டார். அவருக்கு முறையான மணத்தில் ஒரு மகன்: சார்லஸ் மெட்காஃப் ஆக்டர்லோனி. தில்லியில் தாத்தாவைப் போலவே ரெசிடென்டாக இருந்த சக அதிகாரியின் பெயரை அப்படியே வைத்திருக்கிறார்கள். நண்பர்கள் பெயரால் உறவாகும் வழக்கம் அந்தச் சின்ன வெள்ளைச் சமூகத்தில் அதிகம். ஆனால் 1816இல் வந்த பட்டம் பேரனுக்குப் போகாது. இடையில் ஒரு கண்ணி சட்டப்படி அறுந்திருக்கிறது. ஆகவே 1823இல் அதே மனிதருக்கு இரண்டாவது முறை பரோனெட் பட்டம் கொடுத்தார்கள். இந்த முறை அது பேரன் சார்லஸைச் சேரும் என்று பெயர் சொல்லி எழுதினார்கள். 1825இல் ஆக்டர்லோனி இறந்தபோது முதல் பட்டம் அவரோடு முடிந்தது. இரண்டாவது, சிறுவனாயிருந்த பேரனிடம் போனது.

இந்த இரண்டாவது பட்டத்தை அரசனின் கருணை என்று பாராட்டுவதுண்டு. எனக்கு அது ஒட்டுத்துணியாகத் தெரிகிறது. கொடிவழி என்பது நடந்ததை அப்படியே எழுதி வைத்த ஏடு அல்ல. வேண்டியபோது வளைக்கவும் வெட்டி ஒட்டவும் கூடியது. பேரனை உள்ளே கொண்டுவர அது வளைந்தது. பாட்டிகளைக் கொண்டுவர வளையவில்லை.

பாட்டிகள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பதின்மூன்று மனைவியர் மாலையில் பதின்மூன்று யானைகளில் அவர் பின்னால் உலா வந்ததாக ஒரு கதை தில்லியைப் பற்றி எழுதப்படும் எல்லாப் புத்தகத்திலும் வருகிறது. அந்த எண்ணிக்கையில் எனக்கு நம்பிக்கை குறைவு. யானைக் கதைகள் யானையைப் போலவே வளரும். ஐயமின்றித் தெரிபவர் ஒருவர்: முபாரக் பேகம். புனாவிலிருந்து வந்த ஆடல்பெண். பிராமணக் குடும்பத்தில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர் என்று சொல்லப்பட்டவர். வீடு அவர் கையில் இருந்தது. ஊர் அவரை 'ஜெனரலி பேகம்' என்றது. அவரோ தம்மை 'லேடி ஆக்டர்லோனி' என்றும், முகலாய அரச குடும்பத்துப் பெண்களுக்குரிய 'குத்சியா பேகம்' என்றும் சொல்லிக்கொண்டார். முதல் பெயர் ஆங்கிலேயரைச் சீண்டியது, இரண்டாவது செங்கோட்டையை. ஒரே மூச்சில் இரண்டு அரண்மனைகளை எரிச்சலூட்ட ஒரு திறமை வேண்டும்.

சாவ்ரி பஜார் மெட்ரோ நிலையத்திலிருந்து மேலேறி வெளியே வந்தால் ஹௌஸ் காஜி. குழாய், வாஷ்பேசின், பித்தளைக் கைப்பிடி விற்கும் கடைகள். தள்ளுவண்டியில் இரும்புக் குழாய்கள் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு வரும், குனிந்துதான் போகவேண்டும். அந்தக் கடை வரிசையின் மேலே, படியேறிப் போகும் உயரத்தில், சிறிய சிவப்பு மசூதி ஒன்று. முபாரக் பேகம் 1822-23இல் கட்டியது. தெருவில் அதற்கு நெடுநாளாக வழங்கிய பெயர், கட்டியவரின் பழைய தொழிலைச் சொல்லித் திட்டும் இந்துஸ்தானிச் சொல்லால் ஆனது. அதை இங்கே திருப்பி எழுதப் போவதில்லை. ஆனால் அந்தப் பெயர் ஒன்றைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. கட்டியவள் ஒரு பெண் என்பதை ஊர் மறக்க விடவில்லை. 2020 ஜூலையில் பெய்த மழையில் நடுக் கும்மட்டம் சரிந்தபோது செய்தித்தாள்கள் மறுபடி அவர் பெயரை எழுதின.

தமிழ் வாசகருக்கு இங்கே தஞ்சைப் பெரிய கோயில் நினைவுக்கு வரலாம். ராஜராஜன் அங்கே குடியேற்றிய சுமார் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியலைக் கல்லில் வெட்டினான். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் தனித்தனியே எழுதியிருக்கிறது. நெல் அளக்க வேண்டிய கணக்குத்தான், பெருந்தன்மை ஒன்றுமில்லை. இருந்தாலும் பெயர் இருக்கிறது. எட்டு நூற்றாண்டு கழித்து, எழுத்தர் படையே வைத்திருந்த கம்பெனியின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் பிள்ளையின் பெயரும் தகப்பனின் பெயரும் பதவியும் இருக்க, தாயின் இடத்தில் 'சுதேசிப் பெண்' என்ற ஒரே சொல்லோடு பல பதிவுகள் நின்றுவிடுகின்றன. வரலாற்றாசிரியர் துர்பா கோஷ் இந்தப் பெயரின்மையைத் தம் 2006ஆம் ஆண்டு நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவரோடு எனக்கு உடன்பாடே. ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். பதிவேட்டில் பெயர் விடுபட்ட பெண்ணுக்குக் கல்லில் எழுத வழியிருந்தால் அவள் கல்லில் எழுதினாள். முபாரக் பேகத்தின் மசூதியைத் தில்லியின் ஸ்காட்லாந்துக் குடும்ப ஆவணங்களுள் ஒன்றாக எண்ணவேண்டும் என்பது என் கட்சி.

இதற்கு எதிர்த்திசையிலும் ஓர் அபாயம் இருக்கிறது. வில்லியம் டால்ரிம்பிளின் நூல்களுக்குப் பிறகு இந்த வீடுகளை இன மதப் பேதமற்ற காதல் வீடுகளாகப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அவர் திரட்டிய தரவுகளுக்கு நான் கடமைப்பட்டவன். 1780-85 காலத்து வங்காள உயில்களில் மூன்றில் ஒன்று இந்தியத் துணைவிக்கோ அவள் பிள்ளைகளுக்கோ ஏதாவது எழுதி வைக்கிறது. 1805-10இல் அது நான்கில் ஒன்று, 1830இல் ஆறில் ஒன்று. நூற்றாண்டின் நடுவில் அநேகமாக இல்லை. இந்த இறங்குமுகத்தை இன வெறுப்பின் வளர்ச்சி என்று அவர் படிக்கிறார்; சரிதான். ஆனால் முதல் எண்ணையும் கூர்ந்து பார்க்கவேண்டும். உச்ச காலத்திலேயே மூன்றில் ஒன்றுதான். உயில் என்பது எஜமானன் மனம் வைத்துக் கொடுப்பது, உரிமை அல்ல.

இத்தகைய வீட்டின் கதையை மறுபக்கத்திலிருந்து, அதாவது தாயின் பிள்ளையாக வாழ்ந்து பார்த்தவர் ஜேம்ஸ் ஸ்கின்னர். தகப்பனார் ஹெர்குலிஸ் ஸ்கின்னர், கம்பெனிப் படையிலிருந்த ஸ்காட்லாந்துக்காரர். தாய் ராஜபுத்திரக் குடும்பத்துப் பெண். காசி ராஜா சேத் சிங்கோடு நடந்த போரில் சிறைப்பட்டு ஹெர்குலிஸின் வீட்டுக்கு வந்தவர். மூன்று ஆண், மூன்று பெண். 1790இல் தகப்பனார் மகள்களைப் பள்ளிக்கு அனுப்ப முடிவு செய்தார். பெண்கள் வெளியே போனால் ராஜபுத்திர மானம் போய்விடும் என்று தாய் உயிரை மாய்த்துக்கொண்டார். காதல் வீடு என்று எழுதுகிறவர்கள் இந்த மரணத்தை எங்கே வைப்பார்கள்? அந்தத் தாய்க்கு இரண்டு சாட்சியம்தான் மிஞ்சியிருக்கிறது: அவர் இறந்த விதம், அதை மறக்காமல் பாரசீகத்தில் எழுதி வைத்த மகன்.

மகனைக் கல்கத்தாவில் அச்சகத்தில் ஏழாண்டு ஒப்பந்தத்தில் விட்டார்கள். மூன்றாம் நாள் ஓடிப்போனான். கடைத்தெருவில் சுமை தூக்கினான், கையில் காசு தீர்ந்தது, பிடிபட்டான். வக்கீலான அக்காள் கணவரின் அலுவலகத்தில் பத்திரம் நகலெடுக்க உட்கார வைத்தார்கள். 1791 விதியால் தகப்பனின் படையில் அவனுக்கு இடமில்லை. 1795இல் ஞானத்தகப்பன் கர்னல் பர்ன் 300 ரூபாய் கொடுத்து மேற்கே அனுப்பினார். சிந்தியாவின் மராத்தியப் படையில் சேர்ந்தான். 1803இல் ஆங்கிலேயரோடு போர் மூண்டதும், ஆங்கில ரத்தம் உள்ளவன் என்று மராத்தியர் வெளியேற்றினார்கள். இந்திய ரத்தம் என்று ஒரு படை. ஆங்கில ரத்தம் என்று இன்னொரு படை. கடைசியில் கம்பெனிக்காகவே தனிக் குதிரைப்படை ஒன்றை நடத்தினார். மஞ்சள் உடுப்பு அணிந்த அந்த 'ஸ்கின்னர் குதிரைப்படை' இன்றும் இந்தியத் தரைப்படையின் ஒரு ரெஜிமென்ட்.

தில்லி அவரை 'சிக்கந்தர் சாஹிப்' என்றது. வாழ்க்கை பாரசீகத்தில், வழிபாடு ஆங்கிலத்தில். 1825இல் ஹான்சியிலிருந்து 'தஷ்ரீஹ் அல் அக்வாம்' என்ற பாரசீக நூலை முடித்தார்: இந்துஸ்தானத்தின் சாதிகள், தொழில்கள், பிரிவுகள், நூற்றுக்கு மேற்பட்ட வண்ணப்படங்களோடு. ராஜபுத்திரத் தாய்க்கும் ஸ்காட்லாந்துத் தகப்பனுக்கும் பிறந்து இரண்டு பக்கத்திலும் கணக்கில் சேராத ஒருவர், ஊரிலுள்ள எல்லோரையும் கணக்கில் எழுதியிருக்கிறார். 1800இல் போர்க்களத்தில் குண்டடிபட்டுக் கிடந்தபோது தண்ணீரும் ரொட்டியும் கொடுத்துக் காப்பாற்றியவள் ஒடுக்கப்பட்ட சாதிக் கிழவி ஒருத்தி என்று தம் வாழ்க்கைக் குறிப்பில் அவர் நன்றியோடு சொல்கிறார். அன்று பிழைத்தால் மாதா கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டதுதான் காஷ்மீரி கேட்டில் நிற்கும் செயின்ட் ஜேம்ஸ் தேவாலயம். 1836இல் பிரதிஷ்டை, சொந்தப் பணம். 1841 டிசம்பரில் ஹான்சியில் இறந்தவரை மறு மாதம் தோண்டியெடுத்து வந்து அங்கேயே புதைத்தார்கள்.

சொத்து பிரியாமல் பிள்ளைகளிடம் போனது; வழக்குகளும் போயின. ஸ்கின்னர் வீட்டுக் கதையின் பெரும்பகுதியை லண்டன் பிரிவி கவுன்சிலின் தீர்ப்புத் திரட்டுகளில்தான் படிக்க வேண்டியிருக்கிறது. 1871ஆம் ஆண்டு 'ஸ்கின்னர் எதிர் ஆர்ட்' வழக்கைப் பாருங்கள். ஜார்ஜ் ஸ்கின்னர் இறந்தார். விதவை ஹெலன், மகள் விக்டோரியா. ஹெலன் பிறகு ஜான் தாமஸ் ஜான் என்பவரோடு வாழ்ந்தார். ஜானுக்கு ஏற்கெனவே கிறிஸ்தவ மனைவி உயிரோடு இருந்தார். உறவைச் சட்டப்படி ஆக்க இருவரும் முஸ்லிம்களானதாகச் சொல்லப்பட்டது. குழந்தை எந்த மதத்தில் வளரவேண்டும் என்பது கேள்வி. தகப்பனின் மதமே பிள்ளையின் மதம் என்று கொண்ட நீதிபதிகள், அந்தப் புதுத் திருமணம் செல்லுமா என்பதையும் சந்தேகித்தார்கள். ஆக்டர்லோனி தம் மகள்களைப் பற்றி நண்பருக்கு எழுதிய அதே கேள்வி, இரண்டு தலைமுறை கழித்து நீதிமன்றம் ஏறியது. அங்கே அதற்குக் கொடிவழியின் விடை கிடைத்தது. 1995இல் இரண்டாம் திருமணத்துக்காக மதம் மாறியவர்கள் பற்றிய சரளா முத்கல் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் இதே சிக்கலை எதிர்கொண்டது. ஸ்கின்னர் கட்டிய தேவாலயத்திலிருந்து சில மைல் தூரத்தில் அந்தக் குடும்பத்தின் பழைய கேள்வி மறுபடி ஒலித்தது. கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

தில்லியின் இன்னொரு ஸ்காட்லாந்து வீடான ஃப்ரேசர்களைப் பற்றிச் சுருக்கமாக. இன்வர்னெஸ் பக்கத்து ரீலிக்கிலிருந்து ஐந்து சகோதரர்கள் இந்தியா வந்தார்கள். ஊர் திரும்பி முதுமை கண்டவர் ஜேம்ஸ் பெய்லி ஃப்ரேசர் ஒருவரே. ஸ்கின்னரின் வாழ்க்கைக் குறிப்பை ஆங்கிலத்தில் வெளியிட்டவரும் அவர்தான். தம்பி வில்லியம் தில்லியில் ஆக்டர்லோனியின் உதவியாளராகத் தொடங்கியவர், ஸ்கின்னரின் உயிர் நண்பர். 1835 மார்ச்சில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டதற்குப் பின்னால் இருந்ததும் ஒரு வாரிசுச் சண்டை: லோஹாரு சொத்தில் அண்ணன் தம்பிகளுக்குள் அவர் ஒரு பக்கம் சாய்ந்தார் என்ற பகை. அந்தக் கொலைக்காகத் தூக்கிலிடப்பட்ட நவாப் ஷம்சுத்தீனின் சிறுவயது மகன்தான் பின்னாளில் உருதுக் கவிஞர் தாக் தெஹ்லவி. ஃப்ரேசரின் துணைவி, ரானியா ஊர்ப் பெண் அமீபன், நமக்குத் தெரிவது ஓர் ஓவியத்தால். ஃப்ரேசர் சகோதரர்கள் தில்லி ஓவியர்களைக் கொண்டு எழுதுவித்த அந்தப் படத்தொகுதியும் கடிதங்களும் ரீலிக் வீட்டிலிருந்து 1979இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. அண்ணன் வீடு திரும்பியதால் காகிதம் வீடு திரும்பியது. திரும்பாதவர்களின் வீடுகளுக்குக் காகிதம் இல்லை, கட்டிடமும் வழக்கும்தான்.

ஆக்டர்லோனியும் திரும்பவில்லை. பரத்பூர் விவகாரத்தில் கவர்னர் ஜெனரல் ஆம்ஹர்ஸ்ட் அவருடைய உத்தரவை ரத்து செய்ய, மனமுடைந்து 1825 ஜூலையில் மீரட்டில் இறந்தார்; அங்கேயே அடக்கம். தில்லிக்கு வடக்கே முபாரக் பாக்கில் தமக்கென்று கட்டிய கல்லறை காலியாகக் கிடந்தது. கல்கத்தாவில் அவர் பெயரில் எழுந்த தூண் 1969இல் ஷஹீத் மினார் ஆனது. கொடிவழிப்படி தில்லி வீட்டின் கதை இங்கே முடிகிறது; பட்டம் பேரனோடு ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டது.

குடித்தனத்தின் கதை முடியவில்லை. முபாரக் பேகம் இன்னும் ஐம்பத்து மூன்று ஆண்டு இருந்தார். வில்லாயத் அலி கான் என்ற முகலாயப் பிரமுகரை மணந்தார். ஹௌஸ் காஜியில் அவருடைய ஹவேலி தில்லியின் கவி அரங்குகளோடு சேர்த்துப் பேசப்பட்டது. மிர்சா ஃபர்ஹத்துல்லா பேக் பின்னாளில் எழுதிய 'தில்லியின் கடைசிச் சுடர்' கற்பனை முஷாயிராவை அங்கேதான் நடத்தினார். 1857 வந்தது. கணவரோடு முபாரக் பேகம் கிளர்ச்சியாளர் பக்கம் நின்றார். அந்தச் சண்டையில் முபாரக் பாக் கல்லறை அழிந்தது. அந்த ஆண்டில் சர் பட்டத்தைத் தாங்கியிருந்தவர் பேரன் சார்லஸ். தம்மை லேடி ஆக்டர்லோனி என்று சொல்லிக்கொண்டவர் நகர மதிலுக்கு உள்ளே, கம்பெனியின் பீரங்கிகளுக்கு எதிரே இருந்தார்.